படகில் தீவு தீவாகச் சென்று ஸ்நோர்க்கலிங் செய்வது எப்படி

வெப்பமண்டலக் கடலில் வழிகாட்டியுடன் செல்லும் ஒருநாள் தீவுப் பயணத்தில் பெரும்பாலான நேரம் படகிலும் கரையிலும் கழிகிறது. கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் அணிந்து, வாயில் வைத்த குழாய் வழியே மூச்சு விட்டபடி பவளப்பாறைகளுக்கு மேலே மிதக்கும் ஸ்நோர்க்கலிங்குக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்தை மாஸ்க்கைச் சரிசெய்வதிலும் மூச்சுத் திணறுவதிலும் இழக்காமலிருக்க, செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதியை நீரில் இறங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முன்பதிவு செய்யும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. ஒரு வழிகாட்டியின் பொறுப்பில் எத்தனை பேர் நீந்துவார்கள், அவரும் கூடவே நீரில் இறங்குவாரா, எல்லோருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் உண்டா, படகில் முதலுதவிப் பெட்டியும் கரையோடு பேசும் வானொலிக் கருவியும் இருக்கின்றனவா என்பவை அவை. பவளப்பாறையின் மேல் நங்கூரம் போடாமல், நிலையாக மிதக்கும் போயா என்னும் மிதவையில் படகைக் கட்டுபவர்களைத் தேர்ந்தெடுங்கள். பவளம் உயிருள்ள விலங்குகளின் கூட்டம். பாறைபோல் திரண்டு வளரும் இனங்கள் பல ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாகவே வளர்வதால், ஒரு நங்கூரம் நொடியில் உடைப்பது மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

மாஸ்க்கைப் பட்டையை மாட்டாமல் முகத்தில் மெதுவாக வைத்து, மூக்கால் லேசாக மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுத்துவிடுங்கள். அது விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. விழுந்தால் வேறொன்றைக் கேளுங்கள். தண்ணீர் கசிகிறது என்று பட்டையை மேலும் இறுக்குவது பலருடைய பழக்கம். ஆனால் அதிகம் இறுக்கினால் சிலிக்கோன் விளிம்பு வளைந்து கசிவு கூடுவதோடு தலைவலியும் வரும். விளிம்பின் அடியில் சிக்கிய ஒரு கொத்து முடியோ மீசையோதான் பெரும்பாலும் கசிவுக்குக் காரணம். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க, உட்புறத்தில் குழந்தைகளுக்கான ஷாம்பூவை ஒரு துளி தேய்த்து லேசாகக் கழுவுங்கள். எச்சிலும் அதே வேலையைச் செய்யும்.

முதல் தீவில் உடனே ஆழத்துக்குச் செல்லாமல், இடுப்பளவு நீரில் நின்று முகத்தை மட்டும் அமிழ்த்தி, வாயால் மெதுவாகவும் நிதானமாகவும் மூச்சு விட்டுப் பழகுங்கள். குட்டையாகவும் வேகமாகவும் மூச்சு விட்டால், வெளியே போக வேண்டிய காற்று குழாயிலேயே தங்கித் திரும்பவும் உள்ளே வருகிறது. மூச்சு முட்டுவது போன்ற உணர்வும் அதைத் தொடர்ந்து பதற்றமும் எழுகின்றன. குழாய்க்குள் நீர் புகுந்தால், வாயிலிருந்து எடுக்காமல் ஒரே வீச்சில் பலமாக ஊதி வெளியேற்றுங்கள். அதன் பிறகு எடுக்கும் முதல் மூச்சு மட்டும் மெல்லியதாக இருக்கட்டும். நீருக்கடியில் எல்லாம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதை நினைவில் வைத்தால், ஒரு மீன் எதிரே வரும்போது திடுக்கிட மாட்டீர்கள். ஆழத்துக்கு மூழ்க விரும்பி வேக வேகமாக மூச்சு வாங்குவதை அறவே தவிர்க்க வேண்டும். அது மூச்சு விடச் சொல்லும் உடலின் எச்சரிக்கையைத் தள்ளிப்போடுவதால், நீருக்கடியிலேயே நினைவு தப்பும் ஆபத்து உண்டு.

நீச்சல் தெரியாது, ஆஸ்துமா இருக்கிறது, இதயக் கோளாறுக்கு மருந்து எடுக்கிறேன் என்பதையெல்லாம் புறப்படுமுன்பே வழிகாட்டியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு எந்த இடம் பொருந்தும், யாரை உங்கள் அருகில் நிறுத்தலாம் என்று அவர் முடிவெடுப்பது நீங்கள் சொல்வதை வைத்துத்தான். லைஃப் ஜாக்கெட் அணிந்தால் கைகால்களை வீசாமலே மிதக்கலாம். ஆகவே நன்றாக நீந்துபவர்களுக்கும் அது உதவும்.

வழிகாட்டி வேறு ஏற்பாடு சொல்லாதவரை, முதலில் நீரோட்டத்துக்கு எதிராக நீந்துங்கள். களைத்துத் திரும்பும்போது ஓட்டமே உங்களைப் படகை நோக்கிக் கொண்டுவரும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது படகின் பின்புறத்தை நெருங்க வேண்டாம். உதவி தேவைப்பட்டால் ஒரு கையை உயர்த்தி அசைப்பது பரவலான சைகை என்றாலும், படகில் சொல்லப்படும் சைகைகளை ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காலூன்ற வேண்டுமென்றால் வெறும் மணலைத் தேடுங்கள், பவளத்தின் மேல் ஒருபோதும் நிற்காதீர்கள். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸை வேகமாக அடித்தால் எழும் மணல் படிந்தும் பவளம் பாதிக்கப்படும். முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து நிதானமாக உதைப்பதே சரி. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனின் விற்பனையை, பவளத்துக்குத் தீங்கு என்று கருதி, அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021 முதல் தடை செய்துள்ளது. முழுக்கைச் சட்டையும் கால் மறைக்கும் நீச்சலுடையும் அணிந்தால், குப்புற மிதப்பவர்களுக்கு அதிகம் கருகும் முதுகும் பின்னங்காலும் பூச்சு இல்லாமலே காக்கப்படும்.

படகுக் குமட்டல் வருபவர்கள் மருத்துவர் சொன்ன மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு, படகின் நடுப்பகுதியில் அமர்ந்து தொடுவானத்தைப் பார்க்கலாம். வெதுவெதுப்பான கடலும் உடல் வெப்பத்தைக் காற்றைவிட மிக வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால், கடைசித் தீவை அடையும்போது நடுக்கமோ தசைப்பிடிப்போ இருந்தால் நீரில் இறங்காமல் படகிலேயே இருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இயந்திரம் கிளம்புமுன் தலை எண்ணப்படும். அப்போது உங்களோடு நீந்தியவர் கண்ணில் படவில்லையென்றால், வேறு யாராவது சொல்வார்கள் என்று காத்திராமல் உடனே குரல் கொடுங்கள்.