ஏபிஐ இணைப்பைச் சோதிக்கும் ஏஜென்டுக்கு டூல் விளக்கம் எழுதுவது எப்படி?

ஏஐ ஏஜென்ட் (டூல்களை அழைத்து வேலையை முடிக்கும் ஏஐ மாடல்) உங்கள் டூலின் (அது அழைக்கும் சின்ன நிரலின்) கோடைப் படிப்பதில்லை. பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா: பொதுவாக அதன் கண்ணில் படுவது இவ்வளவுதான். ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் ஃபங்ஷன் காலிங் (மாடல் டூலை அழைக்கும் வசதி) கொண்டுவந்தபோது இப்படித்தான் இருந்தது. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் எம்சிபி (ஏஐயையும் டூல்களையும் இணைக்கும் பொது நெறிமுறை) வெளியிட்டபோதும் அடிப்படை இதுதான்.

ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி. அதைச் சோதிக்கும் டூலுக்குப் பலர் எழுதும் விளக்கம் ஒரே வரி: “ஏபிஐ இணைப்பைச் சோதிக்கும்.” எதை அனுப்பிச் சோதிக்கும்? “சரி” என்று வந்தால் எது சரி? பதில் இல்லாத இடத்தை மாடல் குத்துமதிப்பாக நிரப்பிக்கொள்ளும்.

படி 1: எதுவரை சோதிக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

எழுத உட்காரும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பாதி விளக்கங்கள் சொதப்புவது இங்கேதான்.

இணைப்பு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் பல கட்டங்கள். டிஎன்எஸ் மூலம் சர்வரின் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும், டிசிபி (சர்வரோடு தொடர்பு) இணைப்பு கிடைக்க வேண்டும், டிஎல்எஸ் (பாதுகாப்பு) சான்றிதழ் செல்லுபடியாக வேண்டும், ஏபிஐ கீயை (கடவுச்சொல் போன்ற ரகசியக் குறியீட்டை) சர்வர் ஏற்க வேண்டும், அந்தக் கீக்கு அனுமதியும் இருக்க வேண்டும். எங்கே நின்றாலும் பயனர் சொல்வது “கனெக்ட் ஆகல” என்றுதான்.

சர்வர் தன் பதிலோடு அனுப்பும் ஸ்டேட்டஸ் கோடாக (முடிவைச் சொல்லும் எண்) 401 வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு சர்வர் பதில் சொல்லியிருக்கிறது, ஆக நெட்வொர்க்கில் குறையில்லை. கீ இல்லை, அல்லது செல்லுபடியாகவில்லை. 403 என்றால் பெரும்பாலும் கீ செல்லுபடியாகும், அனுமதிதான் இல்லை. இரண்டுக்கும் டூல் “தோல்வி” என்று மட்டும் சொன்னால், ஏஜென்ட் பயனரை ஃபயர்வாலைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: கிராஃப்கியூஎல் (ஒருவகை ஏபிஐ) சர்வர்கள் பிழையைப் பதிலுக்குள் வைத்துக்கொண்டே 200 (வெற்றி) அனுப்புவது சகஜம். ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பார்க்கும் டூல் அதற்கும் “எல்லாம் நலம்” என்றுவிடும்.

உங்கள் டூல் எந்தக் கட்டம்வரை பார்க்கிறது என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிதான் விளக்கத்தின் கரு.

படி 2: பெயர்

ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு போதும்; இடைவெளி வேண்டாம். வெறும் “டெஸ்ட்” என்று வைக்காமல் “செக்_ஏபிஐ_கனெக்‌ஷன்” போல (ஆங்கில எழுத்திலேயே) வையுங்கள். “செக்_ஏபிஐ”, “டெஸ்ட்_எண்ட்பாயின்ட்” என்று ஒரே ஜாடையில் இரண்டு டூல் இருந்தால் ஒன்றாக்கிவிடுங்கள்.

படி 3: விளக்கத்தை எழுதுங்கள்

புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு வேலையைக் கைமாற்றுவது போல எழுதினால் போதும். ஒரு மாதிரி (இதில் கெட் என்பது தரவைப் படிக்கும் ரிக்வெஸ்ட்; போஸ்ட் தரவை அனுப்பும், டெலீட் அழிக்கும்):

> கொடுத்த முகவரிக்கு ஒரே ஒரு கெட் ரிக்வெஸ்ட் அனுப்பி, சர்வர் பதில் தருகிறதா, ஏபிஐ கீயை ஏற்கிறதா என்று பார்க்கும். போஸ்ட், டெலீட் எதுவும் அனுப்பாது. ஏபிஐ வேலை செய்யவில்லை என்று பயனர் சொல்லும்போதும், புதுக் கீ சேர்த்த பிறகும் பயன்படுத்து. பதிலில் உள்ள தரவு சரியா என்று பார்க்க இதைப் பயன்படுத்தாதே. நின்ற கட்டம், ஸ்டேட்டஸ் கோட், எடுத்த நேரம் மூன்றையும் திருப்பித் தரும். 401 என்றால் நெட்வொர்க் சரி, கீயைப் பார்க்க வேண்டும்.

“பயன்படுத்தாதே” என்ற வரியைத்தான் ஆரம்பத்தில் எல்லோரும் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதுதான் அதிகம் உதவும் வரி. “சக்திவாய்ந்த”, “நம்பகமான” போன்ற விளம்பர வார்த்தைகளை வெட்டிவிடுங்கள். மாடலிடம் எதையும் விற்க வேண்டியதில்லை.

ஒன்று மனதில் இருக்கட்டும்: விளக்கம் பூட்டு அல்ல. எம்சிபியில் ரீட்ஒன்லிஹின்ட் (“டூல் படிக்க மட்டும் செய்யும்”) என்ற குறிப்பு இருக்கிறது. பெயரே சொல்வதுபோல அது வெறும் குறிப்புதான். போஸ்ட் போகக் கூடாது என்றால் கோடிலேயே தடுத்துவிடுங்கள்.

படி 4: உள்ளீடுகள்

“டைம்அவுட்” என்று பெயர் வைத்து, எண் கொடு என்று விட்டுவிட்டீர்கள். ஏஜென்ட் விநாடி என்று நினைத்து 30 கொடுக்கிறது. உங்கள் கோட் அதை மில்லிவிநாடியாக எடுத்துக்கொள்கிறது. நல்ல சர்வர்கூட அதற்குள் பதில் சொல்லாமல் போகலாம். ஏஜென்டோ “சர்வர் செத்துவிட்டது” என்று அறிக்கை எழுதிவிடும். அலகைப் பெயரிலேயே சேர்த்து “டைம்அவுட்_செகண்ட்ஸ்” என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

முகவரியில் எச்டிடிபிஎஸ் வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு கொடுங்கள். ஏபிஐ கீயை மட்டும் உள்ளீடாகக் கேட்கவே வேண்டாம். கேட்டால் அது உரையாடலிலும் லாகிலும் (செயல்பாட்டுப் பதிவிலும்) போய் உட்கார்ந்துகொள்ளும். கீயின் பெயரை மட்டும் வாங்கி, கீயை டூலே பாதுகாப்பான இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

படி 5: பிழை வந்தால் அடுத்து என்ன?

பிழைச் செய்தியையும் மாடல்தான் படிக்கிறது, எனவே அதுவும் விளக்கத்தின் ஒரு பகுதி. “பிழை: 429” என்பதைவிட “கோரிக்கைகள் அளவு மீறின, 60 விநாடி கழித்து ஒரே ஒரு முறை முயற்சி செய்” என்பது மேல். எவ்வளவு நேரம் என்பதைப் பல சர்வர்கள் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் (பதிலோடு வரும் கூடுதல் குறிப்பில்) அனுப்பும். அதை எடுத்துக் கொடுங்கள். இல்லையென்றால் ஏஜென்ட் விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வாய்ப்புண்டு.

படி 6: விளக்கத்தையே சோதியுங்கள்

பயனர்கள் பேசுகிற நடையிலேயே சில கேள்விகளை எழுதி ஏஜென்டிடம் கொடுங்கள். “பேமென்ட் ஏபிஐ காலையிலிருந்து வரல, பாரு” என்றால் இந்த டூலை அழைக்க வேண்டும். “நேற்று வந்த ஆர்டர்களைக் காட்டு” என்றால் அழைக்கக் கூடாது. இரண்டாவது வகையையும் கட்டாயம் சேருங்கள். எந்த டூலை, என்ன மதிப்புகளோடு அழைத்தது என்று லாகில் பாருங்கள். தவறாக அழைத்திருந்தால் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள்; மொத்தமாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இந்தக் கேள்விகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், மாடலை மாற்றும்போதெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.