கடலடி கோர் எடுக்கிறீர்களா? போர்வெல் பழக்கத்தை விடுங்கள்

சேலத்துக்காரர்களுக்கு டிரில்லிங் புதிதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி தெருவுக்குள் வந்தால், கம்ப்ரசர் ஊதும் பாறைத்தூள் நாலு வீட்டு மாடியில் படியும். கடலடியில் ரோபோ டிரில் கோர் (அடுக்கு கலையாத உருளை வடிவ மண் மாதிரி) எடுப்பதைப் படிக்கும்போது நம்ம ஊர் நிலவியல் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம்தான் குறுக்கே வருகிறது. போர்வெல்லில் வேண்டியது துளை, வெளியே வருவது கழிவு. இங்கே வெளியே வருவதுதான் சரக்கு.

ஆகவே பெரிய தவறு அவசரம். பிட்டை (துளைக்கும் முனையை) அழுத்தி, தண்ணீரையும் கூட்டிவிட்டால் சர்ரென்று இறங்கும். ஆனால் இளகிய மணல் அடுக்கு அலசிக்கொண்டு போய்விடும். குழாயில் களிமண் மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்து ‘இங்கே மணலே இல்லை’ என்று எழுதினால் அறிக்கையே பொய். 3 மீட்டர் இறக்கி 2 மீட்டர்தான் வந்தது என்றால், விட்டுப்போனது எந்த அடுக்கு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. வந்ததை இழுத்துப் பரப்பி 3 மீட்டராக்கக் கூடாது. மேலிருந்து அடுக்கிவிட்டு, இடைவெளியைக் கீழே காட்டுவதுதான் பன்னாட்டுக் கடல் துளைப்புத் திட்டங்களின் வழக்கம்.

ரோபோ என்றதும் அதுவே முடிவெடுக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் பிரேமன் பல்கலைக்கழகத்து மேபோ200 கருவி 2,700 மீட்டர் ஆழக் கடலில் இறங்கி, தரைக்குக் கீழே 200 மீட்டர் துளைக்கக்கூடியது. அதையும் கப்பலில் உட்கார்ந்து கேமரா பார்த்து ஆட்கள்தான் ஓட்டுகிறார்கள். சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்திடமும் 3,000 மீட்டர் ஆழத்தில் 100 மீட்டர் துளைக்க வடிவமைத்த கருவி உண்டு. கருவி கடல் தரையிலேயே உட்கார்ந்து துளைப்பதால் கப்பல் ஆட்டம் பிட்டைத் தொடாது, அதுதான் லாபம். ஆனால் ராடுகளையும், கோரைப் பிடிக்கும் குழாய்களான பேரல்களையும் கூடவே சுமந்து இறங்குகிறது. பாதியில் தீர்ந்தால் கடை கிடையாது. சரிவா, சேறா என்று முன்கூட்டியே பார்க்காமல் இறக்கினால் கருவியே சாயும்.

மீத்தேன் உள்ள மண் இன்னொரு வம்பு. 1,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 100 வளிமண்டல அழுத்தம். மேலே வரவர வாயு விரிந்து கோரைப் பிளக்கும், வாயு ஹைட்ரேட் (வாயுவைப் பூட்டிவைத்த பனிக்கட்டி மாதிரியான பொருள்) உருகியே போகும். அதற்கு அழுத்தம் குறையாமல் மூடிக்கொள்ளும் தனிப் பேரல் வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்துவிட்டு ‘இங்கே ஹைட்ரேட் இல்லை’ என்று சொல்லக் கூடாது.

கையாளும் பழக்கத்துக்குக் கடல் வரை போக வேண்டியதில்லை. அனுமதி வாங்கி ஏற்காடு ஏரி ஓரச் சேற்றில் ஒரு பிவிசி குழாயைக் குத்தி எடுங்கள். மேல் நுனி கூழ் மாதிரி இருக்கும், சில்வர் ஓக் இலைத் துணுக்குகூட அதில் கிடக்கலாம். உடனே படுக்கப் போட்டால் எல்லாம் கலங்கிவிடும். நிறுத்தி வைத்து, தெளிந்த தண்ணீரை மெல்ல வடியுங்கள். ஏரியில் அந்த மேல் கூழ் போனால் சில வருடக் கதைதான் போகும். ஆழ்கடலில் பல இடங்களில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படிகிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மேல்-கீழ் அடையாளத்தை மூடியில் மட்டும் எழுதாதீர்கள். மூடி கழன்று மாறிவிடும். குழாயிலேயே அழியாத மையில் அம்புக்குறி போடுங்கள். ஆய்வுக் கப்பல்களில் மேல்முனைக்கு நீல மூடி. அது கிடைக்காவிட்டால் நீல இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று போதும்.