வள்ளமா, வெள்ளமா: கேப்ஷன் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் என்னிடம் கேப்ஷன் வேலை, அதாவது பேச்சைத் திரையில் எழுத்தாகப் போடும் வேலை, பழக மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். போன வாரம் அவர்கள் முடித்துத் தந்த கோப்புகளைத் திறந்தால், தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகள். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பற்றி இங்கே பேசப்போவதில்லை. இன்னொரு முறை படித்தால் அவை கண்ணில் பட்டுவிடும்.

காதை மூடிக்கொண்டு திருத்துவது

இயந்திரம் பேச்சைக் கேட்டு வரிகளை எழுதித் தந்துவிடுகிறது. அதை வாசித்து, வாக்கியம் ஒழுங்காக இருந்தால் அடுத்ததற்குப் போய்விடுகிறோம். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இந்தப் பழக்கத்தின் மேல்தான்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கடற்கரையைப் புரட்டிப்போட்டது. அதைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்கு நான் கேப்ஷன் செய்தேன். ஒரு பெண் சொல்கிறார்: "மாமனுக்க வள்ளம் கரைக்கு வந்துட்டு. ஆளு வரல்ல." மாமாவின் படகு வந்துவிட்டது, அவர் வரவில்லை என்று பொருள்; வள்ளம் என்றால் படகு. இயந்திரம் எழுதியது: "மாமனுக்கு வெள்ளம் கரைக்கு வந்துட்டு." நான் ஒலியைக் கேட்காமல், 'மாமனுக்கு' பொருந்தவில்லை என்று அதை வெட்டி, "வெள்ளம் கரைக்கு வந்துவிட்டது, ஆள் வரவில்லை" என்று அழகாக்கி அனுப்பினேன். அப்படியே ஒளிபரப்பானது.

குளச்சலில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், காது கேளாதவர், கடலில் வாழ்ந்தவர். அவர் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தை நிறுத்தி, திரையில் 'வெள்ளம்' மேல் விரல் வைத்தார். பிறகு என் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் 'வ' என்று எழுதினார். பின்னால் தெரிந்த உடைந்த வள்ளத்தைக் காட்டினார். அந்தப் பெண்ணின் துக்கத்தையே நான் அழித்திருந்தேன்.

இதைச் சொல்லிக் கொடுத்த பிறகும் ஒரு பிள்ளை, கோப்பு முழுக்க 'வெள்ளம்' இருந்த இடமெல்லாம் ஒரே தட்டில் 'வள்ளம்' என்று மாற்றிவிட்டாள். இங்கே குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதானே பெயர்! முகாமில் ஒரு பாட்டி "குடிக்க வள்ளம் தாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மொத்தமாக மாற்றும் பொத்தானைத் தொடாதீர்கள். ஒவ்வொரு இடத்தையும் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். 'எனக்க', 'அவனுக்க' என்று வந்தால் என்னுடைய, அவனுடைய என்று பொருள். அங்கே இயந்திரம் கட்டாயம் ஓர் 'உ'வைச் சேர்க்கும். "பஸ்ஸு போயிட்டு" என்றால் பஸ் போய்விட்டது, வாக்கியம் முடிந்தது. கமா போட்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருக்காதீர்கள்.

[இசை]

இப்படி மொட்டையாக விடாதீர்கள். என்ன இசை? வில்லுப்பாட்டா, சர்ச் மணியா, எழுதுங்கள்.

வரியை மடிப்பது

ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று சேனல் வரம்பு சொல்லும். மென்பொருளின் எண்ணிக்கை நம் எண்ணிக்கை அல்ல. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு. தானாக வெட்ட விட்டால் புள்ளி மட்டும் தனியே அடுத்த வரிக்குப் போய், புள்ளிகளாலான ஒரு வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். நீங்களே மடியுங்கள், சொல் முடியும் இடத்தில். பேசுபவரின் பெயரையும் அவர் பேச்சையும் வெவ்வேறு வரியில் பிரித்துப்போடுவதும் கண்ணைக் குழப்பும்.

பிரேம் வேகம்

படம் நொடிக்கு எத்தனை பிரேம் ஓடுகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 23.976-க்குச் செய்ததை 25-ல் ஓடும் படத்தில் அப்படியே போட்டால், ஒரு மணி நேர நிகழ்ச்சியின் கடைசியில் எழுத்து ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தி வரும்.

பேச்சைத் தூய தமிழாக்குவது

பேசுபவர் 'இங்கே' என்பதற்கு 'இஞ்ச' என்றால், எழுத்திலும் 'இஞ்ச'.