பேங்க்கிலிருந்து போன் வந்தால் ‘ஓகே’ சொல்லாதீர்கள்

லண்டன் வந்த முதல் வாரம், பாஸ்போர்ட்டோடு பேங்க் பேங்க்காக அலைந்தேன். முகவரிச் சான்று போதாது என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு அம்மா சிரித்த முகத்தோடு, “இந்த வகைக் கணக்கு என்றால் உடனே கிடைக்கும்” என்றார். மாதம் 17 பவுண்டு. ஊரில் மினிமம் பேலன்ஸ் கேட்பார்களே, அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். பயண இன்சூரன்ஸ், போன் இன்சூரன்ஸ், கார் நடுவழியில் நின்றால் வந்து பார்க்கும் சேவை எல்லாம் அதில் அடக்கமாம். என்னிடம் சைக்கிள்கூடக் கிடையாது. ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனவன் நான்.

மாதக் கட்டணமே இல்லாத சாதாரணக் கணக்கு இங்கே தாராளமாகக் கிடைக்கும் என்று தெரிய மூன்று வருடம் ஆனது. அதற்குள் 612 பவுண்டு போயிருந்தது.

அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார் கொடுப்பது எளிது. முதலில் பேங்க்கிடமே சொல்ல வேண்டும். அவர்களுக்கு 8 வாரம் அவகாசம். அதற்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்தது பிடிக்காவிட்டாலோ பேங்க் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்சியல் ஒம்புட்ஸ்மன் சர்வீஸுக்குப் போகலாம். இறுதிக் கடிதத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும். காசு எதுவும் கட்ட வேண்டாம். உங்களுக்காகப் புகார் போடுகிறோம் என்று கமிஷன் கேட்கும் கம்பெனிகள் பக்கமே போகாதீர்கள். “ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுப்பது) கட்டணமா? ஒரு லெட்டர் போடு, மொத்தமும் திரும்பி வரும்” என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது 2009-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பேங்க்குகளுக்குச் சாதகமாக வருவதற்கு முந்தைய கதை.

நான் மாட்டியது வேறு இடத்தில். புகார் கொடுத்த ஐந்தாவது வாரம், வேலை நேரத்தில் பேங்க்கிலிருந்து போன். “நல்லெண்ண அடிப்படையில் 250 பவுண்டு தருகிறோம்” என்று ஆரம்பித்து அந்தப் பையன் மூச்சுவிடாமல் பேசினான். நமக்குத்தான் எதிராளி பேசப் பேச ‘ம்’, ‘சரி’ போடாவிட்டால் மரியாதையாக இருக்காதே? நானும் ‘ஓகே, ஓகே’ போட்டேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். இரண்டு நாளில் கடிதம் வந்தது: தாங்கள் தொலைபேசியில் ஒப்புக்கொண்டபடி, ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்’. அதாவது, இத்தோடு கணக்கு தீர்ந்தது, மீதி 362 பவுண்டை மறந்துவிடு. அந்த 250-உம் ஓவர்டிராஃப்டில் கிடந்த அதே கணக்கில் விழுந்து காணாமல் போனது.

அதனால் போனில் ஒரே வாக்கியம் போதும்: “எழுத்தில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.” கூச்சப்படாதீர்கள், இங்கே யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கடிதம் வந்ததும் ஸ்டேட்மெண்டை வைத்து மாதவாரியாகக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை எப்படி வந்தது, இத்தனை நாள் பணம் அவர்களிடம் இருந்ததற்கு வட்டி உண்டா, வாங்கிக்கொண்டால் புகார் முடிந்துவிடுமா என்று எழுதிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஒம்புட்ஸ்மன் வழி திறந்தேதான் இருக்கும். அங்கே கூடுதலாகக் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது நியாயமான தொகை என்றால் வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை.

அப்புறம், கணக்கைக் கட்டணமில்லாத வகைக்கு மாற்றச் சொல்லி பேங்க்குக்கு எழுதும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை. அடுத்த மாதமும் 17 பவுண்டு பிடித்திருந்தார்கள்.