திருப்பத்தை விட்டுவிட்டால், நேராகப் போங்கள்

போன ஞாயிறு சென்னை சோழிங்கநல்லூர் சிக்னலில் அக்கரைக்குத் திரும்ப வேண்டிய அக்கா மகள், நேராகப் போய்விட்டாள். லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்தான். சட்டென்று ஓரம் கட்டி, "சித்தி, ரிவர்ஸ் எடுத்துடட்டுமா? கொஞ்ச தூரம்தானே?" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு காலத்தில் நானும் இதைத்தான் செய்தேன்.

எனக்குத் திசை நிற்காது. பதினோரு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். இன்றும் ஒரு கடைக்குள் போய் வெளியே வந்தால், எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்று யோசிக்க வேண்டும். போனில் சார்ஜ் இருக்கட்டும், கிளம்பும் முன் வழியைப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். என்னைப் போலத் திசை தடுமாறுபவர்கள் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

விட்ட திருப்பத்தைப் பிடிக்கப் பின்னால் வருவது

ஒரு இரவு திண்டிவனத்திலிருந்து மதுரவாயலுக்கு வந்துகொண்டிருந்தேன். ஜிஎஸ்டி சாலையில் முதலில் வண்டலூரில் வெளிவட்டச் சாலை பிரியும், அதைத் தாண்டிப் பெருங்களத்தூரில் மதுரவாயலுக்குப் போகும் பைபாஸ் பிரியும். இரண்டும் இடப்பக்கம். வண்டலூரில் இதுவா அதுவா என்று குழம்பிய குழப்பத்திலேயே பெருங்களத்தூரைக் கோட்டை விட்டேன். நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, ஓரமாகவே ரிவர்ஸில் வந்தேன். கண்ணாடியில் ஒரு வேனின் ஹெட்லைட் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் பிரேக்கை மிதித்தும், என் வண்டியின் வலது பின்பக்கம் நசுங்கிவிட்டது. பம்பர், டெயில் லேம்ப், டிக்கிக் கதவு. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. இன்ஷூரன்ஸில் கிளெய்ம் செய்ததால், ஐந்து வருஷமாகச் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அடுத்த ரென்யூவலில் பூஜ்யமானது.

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். முன்னால் இருக்கும் கார் தன்னை நோக்கி வருகிறது என்று அந்த டிரைவருக்குப் புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கமாக வருவது இன்னும் மோசம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் வருகிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு.

நேராகவே போயிருந்தால்? தாம்பரம், பல்லாவரம், கத்திப்பாரா, அப்புறம் நூறடி ரோடு. அரை மணி நேரம் கூடுதலாகியிருக்கும், அவ்வளவுதான். அந்த அரை மணிக்காக அப்படிச் செய்தேனே என்று இப்போதும் எரிச்சல் வருகிறது. அக்கா மகளிடம், "நேராப் போம்மா" என்றேன். அடுத்த யூ-டர்னில் திரும்பி வந்தோம்.

நிற்கும்போது மேப் காட்டும் அம்புக்குறியை நம்புவது

நாம் எங்கே இருக்கிறோம் என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது நகர்ந்தால்தான் தெரியும். அதுவரை போனுக்குள் இருக்கும் திசைகாட்டிதான் சொல்ல வேண்டும். காந்தம் வைத்த ஸ்டாண்டில் போனை மாட்டினால் அதுவும் குழம்பும். கொஞ்சம் மெதுவாக நகருங்கள், அம்பு தானாகச் சரியாகும். சர்வீஸ் ரோடும் மெயின் ரோடும் ஒட்டிப் போகும் இடத்தில் மேப்பைவிடப் பச்சைப் பலகையை நம்புங்கள்.

கத்திப்பாராவில் வலப்பக்க லேன்

கத்திப்பாரா மேம்பாலத்தில் வலப்பக்க லேனில் காத்திருக்காதீர்கள். வலப்பக்கம் போக வேண்டுமானாலும் இடப்பக்க வளைவில்தான் ஏற வேண்டும்.

"ரைட்" என்ற சொல்

பக்கத்தில் இருப்பவர் "ரைட்" என்றால் வலப்பக்கமா, கிளம்பு என்கிறாரா? எங்கள் காரில் "உன் பக்கம்", "என் பக்கம்" மட்டும்தான்.

வழி கேட்கும் விதம்

"இது தாம்பரம் ரோடுதானே?" என்று கேட்டால் தெரியாதவரும் தலையாட்டிவிடுவார். "தாம்பரம் எப்படிப் போகணும்ண்ணா?" என்று கேளுங்கள். கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள்.