கோத்தகிரி கிளினிக்கும் என் மூன்று கிளாஸ்களும்

கோத்தகிரியில் ஒரு சின்ன கிளினிக்குக்கு நோயாளிப் பதிவு மென்பொருளை முதலில் எழுதியபோது ‘நோயாளி’ கிளாஸின் (ஒரு வகைத் தகவலுக்கு நிரலில் போடும் அச்சு) கீழ் ‘கர்ப்பிணி’, ‘சர்க்கரை நோயாளி’ என்று, அதன் அமைப்பை அப்படியே பெறும் வாரிசு கிளாஸ்கள் வைத்தேன். மூன்றாம் நாளே கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த ஒருவர் வந்து நின்றார். அவரை எதில் போடுவது? நர்ஸ் அக்கா சிரித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

நோய் என்பது ஆளின் வகை இல்லை, ஆளோடு சேரும் தகவல். ‘நோயாளி’, ‘வருகை’, ‘அளவீடு’ என்ற மூன்று கிளாஸ்களில் தொடங்குங்கள். ஒருவருக்குப் பல வருகைகள், ஒரு வருகையில் பல அளவீடுகள். 2004-இல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற, ஜாவா மொழியில் எழுதிய மருத்துவப் பதிவு மென்பொருளின் அமைப்பும் இதே போக்குதான். ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

அளவீட்டில் எண்ணை மட்டும் வைக்காதீர்கள், அலகும் கூடவே இருக்கட்டும். சர்க்கரை 126 மில்லிகிராம்/டெசிலிட்டர் என்பதும் 7 மில்லிமோல்/லிட்டர் என்பதும் ஒன்றுதான். அலகில்லாத 7-ஐப் பார்த்தால் டாக்டர் பதறிவிடுவார்.

அப்புறம் அரிவாள் செல் சோதனை. நீலகிரியில் இருளர், பணியர், குறும்பர் மக்களிடம் இந்த ரத்தக் குறைபாடு உண்டு. பரம்பரையாக வருவது, எனவே உறுதியான முடிவு ஆயுளுக்கும் செல்லும். எந்த வருகையில் பதிந்திருந்தாலும் அது நோயாளியின் பக்கத்தில் முதல் வரியாகத் தெரிய ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எழுதுங்கள். இதில் சோம்பல் கூடாது.

பிறந்த தேதி தெரியாத பாட்டிகள் நிறைய வருவார்கள். ஆண்டை மட்டும் வாங்கி, ‘உத்தேசம்’ என்று குறிக்க ஆம்/இல்லை என்று மட்டும் ஏற்கும் ஒரு பூலியன் வையுங்கள். ‘அழி’ பட்டனே வேண்டாம். திருத்தம் புதுப் பதிவாகட்டும், பழையது ‘ரத்து’ என்று நிற்கட்டும். ஆடி மழையில் கரண்ட் போகும், நெட்டும் போகும். சரி, முதலில் அந்தக் கம்ப்யூட்டரிலேயே சேமித்து, பிறகு சர்வருக்கு அனுப்புங்கள்.