பிரதியிடல் முறை: படிப்படியாக, சறுக்கும் இடங்களோடு

இரண்டு மாறிகளில் ஒன்றை மற்றதன் மூலம் எழுதிவிட்டால், மிஞ்சுவது ஒரே மாறி. அதைத் தீர்ப்பது எளிது. இரண்டு சமன்பாடுகளை ஒருசேரத் தீர்க்கும் பிரதியிடல் முறையில் நடப்பது இவ்வளவுதான். மாறிகளை ப, ம என்று வைத்துக்கொள்வோம்.

4ப − 3ம = 18 … (1)
2ப + ம = 4 … (2)

படி 1: ஒரு மாறியைப் பிரித்தல்
கெழு (மாறியைப் பெருக்கும் எண்) 1 அல்லது −1 உள்ள மாறியைத் தேடுங்கள். இங்கே (2)-இல் ம-வின் கெழு 1.

ம = 4 − 2ப … (3)

(1)-இலிருந்து ப-வைப் பிரித்தாலும் தவறில்லை. ஆனால் ப = (18 + 3ம)/4 என்று பின்னம் வந்து, அடுத்தடுத்த வரிகளிலும் தொல்லை கொடுக்கும். எந்தக் கெழுவும் 1 அல்லது −1 இல்லையென்றால் நீக்கல் முறையே (சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை நீக்குவது) பெரும்பாலும் சுலபம்.

படி 2: மற்றதில் பிரதியிடல்
(3)-ஐ (1)-இல் இடுங்கள். அடைப்புக்குறி கட்டாயம்.

4ப − 3(4 − 2ப) = 18
4ப − 12 + 6ப = 18
10ப = 30
ப = 3

அதிகம் பேர் சறுக்குவது இரண்டாம் வரியில்தான். −3 அடைப்புக்குள் உள்ள இரண்டு உறுப்புகளையும் பெருக்க வேண்டும்; −3 × −2ப = +6ப. அதை −6ப என்று எழுதினால் ப = −15 என்று போய்விடும்.

(3)-ஐ அது பிறந்த (2)-இலேயே இட்டால் 4 = 4 என்றுதான் வரும். கணக்கு நகராது.

படி 3: இரண்டாவது மாறி
ம = 4 − 2(3) = −2

சரிபார்த்தல்
எந்தச் சமன்பாட்டில் சரிபார்க்கிறோம் என்பது முக்கியம். மேலே சொன்ன தவறான ப = −15-ஐ (3)-இல் இட்டால் ம = 34. இதை (2)-இல் வைத்துப் பாருங்கள்: −30 + 34 = 4. பொருந்துகிறது! (3) அதிலிருந்தே வந்ததால் பொருந்தத்தான் செய்யும். (1)-இல் வைத்தால்தான் −60 − 102 = −162 என்று குட்டு வெளிப்படும். ஆகவே மாறியைப் பிரிக்காத சமன்பாட்டில் கட்டாயம் சரிபாருங்கள். நம் விடைக்கு: 4(3) − 3(−2) = 12 + 6 = 18. சரி.

சில கணக்குகளில் படி 2-இலேயே மாறி மறைந்துவிடும். 0 = 5 போலப் பொருந்தாத வரி மிஞ்சினால் தீர்வு இல்லை; வரைபடத்தில் அவை இணைகோடுகள். 0 = 0 என்று மிஞ்சினால் இரண்டும் ஒரே கோடு, தீர்வுகள் எண்ணற்றவை. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன், பிறந்த சமன்பாட்டிலேயே திரும்ப இட்டுவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.